ஆல்ப்ஸ் கணவாய்களில் பைக்: வழியில் எதிர்ப்படுபவை

பைக்கில் போகும் நாங்கள் சிலர் ஆளுக்கொரு பகுதியாக எழுதியது இது. மியூனிக்கில் கிளம்பி ஆஸ்திரியாவின் க்ரோஸ்க்ளோக்னர் மலைச்சாலை, இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகள், ஸ்டெல்வியோ கணவாய், சுவிஸ் கணவாய்கள் என்று சுற்றித் திரும்பும் திட்டத்துக்கு மேப்பை விட நாட்காட்டிதான் முதலில் வேண்டும். க்ரோஸ்க்ளோக்னர் சாலை வழக்கமாக மே தொடக்கத்தில் திறக்கும். ஸ்டெல்வியோ (2,757 மீட்டர்) மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ திறக்கும். சுவிஸ் கணவாய்களான ஃபுர்கா, சுஸ்டன் பெரும்பாலும் ஜூனில்தான், பனி அதிகமான வருடத்தில் இன்னும் தள்ளிப்போகும். அதனால் ஜூன் மாத ஹோட்டல் எதையும் ரத்து செய்ய முடியாத கட்டணத்தில் போடாதீர்கள். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் மூன்று வாரம்தான் பொற்காலம். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரம் இத்தாலி முழுக்க விடுமுறை, அப்போது டோலமைட்ஸ் பக்கம் போகவே வேண்டாம்.

ஒரு நாளைக்கு 400 கி.மீ. என்று கணக்குப் போடுவதுதான் திட்டத்தைக் கெடுக்கிறது. மலையில் சராசரி வேகம் மணிக்கு 40-45 தாண்டாது. 200 முதல் 250 கி.மீ. வைத்தாலே நாள் நிறைந்துவிடும். குளிரையும் கணக்கில் எடுங்கள். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். ஸ்டெல்வியோ அடிவாரத்தில் ப்ராட்டோ ஊர் 900 மீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. அங்கே 28 டிகிரி என்றால் உச்சியில் 16. மழை பெய்தால் அதற்கும் கீழே. ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடிமழை சகஜம்; பெரிய கணவாயை 12 மணிக்குள் தாண்டிவிடுவது நல்லது.

*

நேரக்கணக்கு மேலே சொன்னதுதான். வண்டி பற்றி நான் சேர்க்கிறேன்.

ஏறுவதை விட இறங்குவதில்தான் ஆபத்து. ஸ்டெல்வியோவின் ப்ராட்டோ பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இறங்கினால் சூடு ஏறி பிரேக் ஆயிலில் கலந்திருக்கும் ஈரம் கொதிக்கும், லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உடையது. இரண்டு வருடம் ஆகியிருந்தால் கிளம்புமுன் மாற்றிவிடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர், எஞ்சின் பிரேக்கிங். வளைவுக்கு முன் ஒரே அழுத்தாக அழுத்தி விட்டுவிட வேண்டும். லீவர் தளர்ந்துவிட்டால் ஓரம் கட்டி அரைமணி நேரம் ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிவிடும்.

ஏறும்போது வலப்பக்க வளைவுதான் கடினம், ஏனென்றால் அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம், உள்வட்டம் நமக்கு. முதல் கியர், பின் பிரேக்கில் லேசாகக் கால், பார்வை வளைவின் வெளிவாசலில். உள்ளே நுழையுமுன் மேலிருந்து பஸ் வருகிறதா என்று அடுத்த படியை நிமிர்ந்து பாருங்கள். வந்தால் வெளியிலேயே நில்லுங்கள், வளைவு முழுவதும் அதற்குத் தேவை. சுவிஸில் நீலப் பலகையில் மஞ்சள் கொம்பு வரைந்திருந்தால் அது தபால் பஸ் மலைச்சாலை. அங்கே பஸ் டிரைவர் கைகாட்டுவதே சட்டம், பின்னால் போகச் சொன்னால் போக வேண்டும். குருட்டு வளைவில் அந்த பஸ் மூன்று சுரத்தில் ஹாரன் அடிக்கும். ரோசினியின் 'வில்லியம் டெல்' இசையிலிருந்து எடுத்த சுரங்கள் அவை.

சுமை: பக்கப்பெட்டிகள் இரண்டும் ஒரே எடையில் இருக்கட்டும், கனமானவை அடியில். டாப் பாக்ஸுக்குப் பெரும்பாலான கம்பெனிகள் தரும் வரம்பு 5 முதல் 10 கிலோதான். அதை மீறினால் முன்சக்கரம் இலேசாகி ஜெர்மன் அதிவேகச் சாலையான ஆட்டோபானில் ஹேண்டில் ஆடத் தொடங்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் சஸ்பென்ஷன் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை) ஏற்றுங்கள். ஏற்றாவிட்டால் வளைவில் வண்டி வெளியே ஓடும், எதிரே வருபவர் கண்ணில் ஹெட்லைட் அடிக்கும். டயர் பிரஷரைக் காலையில் குளிர்ந்த நிலையில் மட்டும் பாருங்கள். செயின் வண்டி என்றால் 500 கி.மீ.க்கு ஒருமுறை செயினுக்கு லூப்ரிகன்ட், மழையில் ஓட்டினால் அன்று மாலையே.

*

மேலே வண்டி பற்றி அண்ணா சொன்னதில் பிரேக் ஆயிலை யாரும் அலட்சியம் செய்யாதீர்கள். நான் காகிதம், கட்டணம், பெட்ரோல் பக்கம் வருகிறேன்.

சுவிஸ் மோட்டர்வேயில் ஏற 40 ஃபிராங்க் வின்யெட் (சாலைக் கட்டண வில்லை) வேண்டும், பைக்குக்கும் அதே விலை, கணவாய்கள் இலவசம். ஆஸ்திரியாவில் பைக்குக்குத் தனி வின்யெட். க்ரோஸ்க்ளோக்னர், டிம்மெல்ஸ்யோக், ப்ரென்னர் மோட்டர்வே மூன்றுக்கும் அதற்கு மேல் தனிக் கட்டணம். டிஜிட்டல் வின்யெட் நம்பர் பிளேட்டோடு கட்டுப்பட்டது, ஓர் எழுத்து தவறினாலும் அபராதம். வாடகை பைக் என்றால் ஏற்கெனவே போட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் ராய்ட்டே மாவட்டத்தின் சில சாலைகளில், ஹான்டென்யோக் கணவாய் உட்பட, கோடை முழுதும் நின்ற நிலை ஒலி 95 டெசிபலைத் தாண்டும் பைக்குக்கு அனுமதி இல்லை. ஐரோப்பிய ஆர்சியில் யூ.1 கட்டத்தில் அந்த எண் இருக்கும். சைலன்சர் சட்டப்படி சரியானதா என்பது கேள்வியே இல்லை, எண் மட்டும்தான்.

ஆஸ்திரியாவில் பைக்கிலும் முதலுதவிப் பெட்டி கட்டாயம். 2,764 மீட்டர் இசெரான் கணவாய் ஏற பிரான்ஸ் பக்கம் திரும்பினால் சிஇ (ஐரோப்பியத் தர) முத்திரையுள்ள கையுறையும் ஒளிரும் மேலங்கியும் கட்டாயம். இந்திய லைசென்ஸ்காரர்கள் ஆர்டிஓவில் வாங்கும் சர்வதேசப் பெர்மிட் ஒரு வருடம்தான் செல்லும். அதில் மோட்டார் சைக்கிள் பிரிவில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள், அசல் லைசென்சும் கூடவே இருக்க வேண்டும்.

பிரான்சில் 'கசோல்', இத்தாலியில் 'கசோலியோ' இரண்டும் டீசல்! பம்பில் வட்டத்துக்குள் இ5, இ10 என்று இருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். ஆளில்லா பம்புகள் முதலில் நூறு யூரோவுக்கு மேல் கார்டில் பிடித்து வைக்கும்; ஃபாரெக்ஸ் கார்டில் இருப்பு குறைவாக இருந்தால் பெட்ரோலே வராது.

*

ஸ்டெல்வியோ கூட்டம் வேண்டாம் என்பவர்கள் சுவிஸின் சாண்டா மரியாவிலிருந்து உம்ப்ரைல் (2,501 மீட்டர்) வழியாக ஏறுங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே ஸ்டெல்வியோ சாலையில் போய்ச் சேரும். அங்கிருந்து போர்மியோ இறங்கி லிவின்யோ போனால் அது வரிவிலக்கு ஊர், பெட்ரோல் கணிசமாக மலிவு. டேங்கை அங்கே நிரப்பிக்கொண்டு சுங்கக் கட்டணமுள்ள ஒற்றைத் தடச் சுரங்கம் வழியாக மறுபடி சுவிஸுக்குள் வரலாம். இரண்டு பக்கமும் மாறி மாறித்தான் விடுவார்கள், காத்திருக்கும் நேரத்தையும் அன்றைய கணக்கில் சேருங்கள்.