ஆங்கிலப் பாடல் தலைப்புகளில் பெரிய எழுத்து: எந்த நடையைப் பின்பற்றுவது?

என் கணினியில் உள்ள 640 ஆங்கிலப் பாடல்களின் தலைப்புகளை ஒரே சீராக்கும் வேலை மூன்று வாரங்களாக நின்றுபோயிருக்கிறது. முதற்சொல், இறுதிச்சொல், பெயர்ச்சொல், வினைச்சொல் ஆகியவற்றில் எனக்குச் சிக்கல் இல்லை. ‘வித்’, ‘ஃப்ரம்’ போன்ற நான்கெழுத்து முன்னிடைச்சொற்களே தடுக்கின்றன. அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து விதிகளான ஏபிஏ நடை அவற்றைப் பெரிய எழுத்தில் தொடங்கச் சொல்கிறது. பதிப்புத்துறையில் பயன்படும் சிகாகோ நடைக் கையேடோ, 2024இல் வந்த 18ஆம் பதிப்பில்கூட, ஐந்தெழுத்தும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கே அதை ஏற்கிறது. தானாக மாற்றும் மென்பொருளையும் முயன்றேன். அது ‘இஸ்’ஸையே சிறிய எழுத்தாக்கியது, இரண்டெழுத்து என்றாலும் அது வினைச்சொல் என்பது அதற்குத் தெரியவில்லை. ‘டர்ன் ஆஃப்’ போன்ற கூட்டுவினைகளைக் கையால் திருத்திவிட்டேன். பாடலுக்கு மேற்கோள்குறி, ஆல்பத்துக்குச் சாய்வெழுத்து என்பதும் தெளிவு. பாடற்பட்டியலுக்கு இவ்விரு நடைகளில் எது பொருத்தம்?