ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் படிப்பது பயன் தருமா?

கேள்வி:
வணக்கம். போட்டித் தேர்வுக்காக ஆறு மாதங்களாக ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளுடன் மனப்பாடம் செய்து வருகிறேன். 'ரிலக்டன்ட்', 'ஹெசிடன்ட்' இரண்டுக்கும் 'தயக்கம்' என்றே குறித்து வைத்திருப்பதால், கோடிட்ட இடத்தை நிரப்பும்போது தடுமாறுகிறேன். ஆங்கில-ஆங்கில அகராதியைத் திறந்தால், விளக்கத்தில் உள்ள சொற்களுக்கே மறுபடியும் பொருள் தேட வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
தாங்கள் திறந்தது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோருக்கான அகராதியாக இருக்கக்கூடும். கற்போருக்கான அகராதிகள் வேறு. 1978இல் வெளிவந்த லாங்மன் அகராதி, ஏறத்தாழ 2,000 எளிய சொற்களைக் கொண்டே விளக்கங்களை எழுதியது. அந்த அடிப்படைச் சொற்களை முதலில் தமிழ் வழியாகவே கற்றுக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மறுமொழி 2:
1987இல் வந்த கோபில்ட் அகராதியின் முறை எனக்கு இன்னும் எளிதாகப்பட்டது; பொருளை முழு வாக்கியமாகவே சொல்வதால், அச்சொல்லை எப்படிப் பயன்படுத்துவது என்பதும் கூடவே மனத்தில் பதிந்துவிடுகிறது. தங்கள் இரு சொற்களில், செய்ய மனமில்லாதவர் 'ரிலக்டன்ட்'. செய்யலாமா, வேண்டாமா என்று உறுதியின்றி நிற்பவர் 'ஹெசிடன்ட்'. கடன் கேட்டு வந்த உறவினருக்குப் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது நம் முகம் இருக்கிறதே, அது முதல் வகை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அந்த முகத்தை நன்கு அறிவேன். குறிப்பேட்டில் 'தயக்கம்' என்பதை அடித்துவிட்டு, 'மனமின்மை', 'உறுதியின்மை' என்று பிரித்து எழுதிவிட்டேன்.