பிளான் அப்ரூவல் பேப்பர் காணோமாம், லோன் நிக்குது. அவசரம்!

வாடகைக்காரன்
வணக்கம். வீடு ஒண்ணு பேசி முடிச்சு அட்வான்ஸும் கொடுத்தாச்சு. இப்ப பேங்க் வக்கீல் பிளான் அப்ரூவல் கேக்குறார். ஓனர்கிட்ட கேட்டா "எல்லாம் இருந்துச்சு தம்பி, வீடு மாறுறப்ப எங்கயோ போயிருச்சு"ங்கிறார். பிளான் இல்லாம லோன் வாங்க வழி இருக்கா? 28-ந்தேதிக்குள்ள கிரயம் முடிக்கணும். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

மேலமாசி
எந்த ஊரு? எப்ப கட்டின வீடு? காணாமப் போனது மனை அப்ரூவலா, கட்டட அப்ரூவலா? ரெண்டும் வேற வேற.

செங்கல்சூளை
வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் ஓனர் பேர்ல இருக்குல்ல? அது போதும். எங்க சித்தப்பா அதை வச்சுத்தான் வாங்கினார், இருபது வருஷமா ஒரு பிரச்சினையும் இல்ல.

பத்திரப்புலி
வாரத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியதைக் கொடுத்துட்டு வந்து கேக்குறீங்க. வரி கட்டினா அனுமதி இருக்குன்னு அர்த்தம் இல்ல. அனுமதி இல்லாத கட்டடத்துக்கும் வரி போடுவாங்க. இந்த அடிப்படைகூடத் தெரியாம சொத்து வாங்கக் கிளம்பிடுறாங்க.

செங்கல்சூளை
ஐயா, என் சித்தப்பா லோன் போடல. ரொக்கம். அதைச் சொல்ல மறந்துட்டேன்.

தென்காசித்தென்றல்
போலீஸ்ல காணாமப் போனதா புகார் கொடுத்து, பேப்பர்ல விளம்பரம் போட்டு, தேடியும் கிடைக்கலன்னு போலீஸ் கொடுக்குற நான்-டிரேசபிள் சர்டிபிகேட் வாங்குங்க. என் தங்கச்சி வீட்டுக்கு அப்படித்தான் செஞ்சோம்.

மேலமாசி
அது மூலப்பத்திரம் தொலைஞ்சா செய்யுறது. பிளானோட ஆபீஸ் காப்பி அனுமதி கொடுத்த உள்ளாட்சியில இருக்கணும். அங்க நகல் கேட்கணும், ஸ்டேஷன்ல இல்ல.

தென்காசித்தென்றல்
ஒரிஜினல் பத்திரமே இல்லன்னா பதிவு விதி 55-ஏ படி பதியவே மாட்டாங்கல்ல?

பத்திரப்புலி
55-ஏ(1)-ஐ 2025 ஏப்ரல்லயே சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னு சொல்லியாச்சு. செய்தி படிங்க.

தென்காசித்தென்றல்
தீர்ப்பு வந்தா மறுநாளே சார்பதிவாளர் பதிஞ்சிருவாரா? நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க? கவுண்டர்ல நின்னு பாருங்க, தெரியும்.

பத்திரப்புலி
நான் நின்ன கவுண்டர் எண்ணிக்கை உங்க வயசைவிட அதிகம்.

மேலமாசி
அண்ணே, ரெண்டு பேரும் விடுங்க. கேட்டவருக்கு அது பிரச்சினையே இல்ல. வாடகைக்காரன், பதில் சொல்லுங்க.

வாடகைக்காரன்
மன்னிக்கணும், ஆபீஸ்ல இருந்தேன். மதுரை. அப்ப பேரூராட்சி, 2011-ல மாநகராட்சியோட சேர்ந்த ஏரியா. மனை டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல், அந்தப் பேப்பர் இருக்கு. வீடு 2003-ல கட்டினது. ஓனர் ரிட்டையர்டு வாத்தியார். பத்திரம் ஒரிஜினல் கையில இருக்கு. கட்டட பிளான் மட்டும்தான் இல்ல.

பைபாஸ்பாண்டி
2024 ஜூலைல கட்டட அனுமதிக்குச் சுயசான்று திட்டம் வந்துச்சே! ஆன்லைன்ல போட்டா உடனே பிளான் கையில. எதுக்கு அலையுறீங்க?

மேலமாசி
அது இனிமே கட்டப்போற வீட்டுக்கு. 2,500 சதுரடி வரைக்கும் மனை, 3,500 சதுரடிக்குள்ள கட்டடம். 2003-ல கட்டி நிக்கிற வீட்டுக்கு இன்னைக்கு அனுமதி வாங்கிட்டு, அதைப் பழசுன்னு காட்ட முடியாது.

வாடகைக்காரன், வாத்தியார்னு சொன்னீங்க. 2003-ல கையில இருந்த காசுல கட்டினாரா, கடன் வாங்கினாரா? ஈசி, அதான் வில்லங்கச் சான்று, எடுத்தீங்களா? எடுத்திருந்தா அதுல இருக்குற பதிவெல்லாம் அப்படியே டைப் பண்ணுங்க. பேர் வேணாம்.

வாடகைக்காரன்
எடுத்தேன், வில்லங்கம் ஒண்ணும் இல்லன்னு புரோக்கர் சொன்னார். மூணு பதிவு.
2001 கிரயம்.
2003 அடமானம், ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கு.
2018 ஓனர் தன் மகனுக்குப் பவர் பத்திரம் கொடுத்திருக்கார், 2019-ல அதை ரத்து செஞ்சிருக்கார்.

மேலமாசி
நாலு பதிவு இருக்கு, மூணுன்னு எண்ணியிருக்கீங்க. சரி. அஞ்சாவது ஒண்ணு இருந்திருக்கணும், அது எங்க? 2003-ல அடமானம் ஏறியிருக்கு, அது தீர்ந்ததுக்கு ரசீது ஆவணம் பதிவாகல. கடன் கட்டி முடிச்சாலும் ரசீது பதியலன்னா ஈசியில அடமானம் அப்படியே உட்கார்ந்திருக்கும். பிளானைவிட இது பெரிய ஓட்டை. பேங்க் வக்கீல் இன்னும் இதைக் கேக்கலன்னா கண்டிப்பா கேப்பார்.

இதுலயே உங்க பிளானும் கிடைக்கும். கட்டடக் கடன் கொடுக்குற சங்கம் அனுமதி பிளான் வாங்காமக் கடன் கொடுத்திருக்காது. அவங்க ஃபைல்ல ஒரு காப்பி இருக்கணும். ஓனரைக் கூட்டிக்கிட்டு நேர்ல போங்க. அங்க கிடைக்கலன்னா மாநகராட்சி மண்டல அலுவலகத்துல ஓனர் பேர்லயே ஆர்டிஐ போடுங்க. பத்து ரூபா, முப்பது நாள். நீங்க போட்டா மூணாம் மனுஷன் தகவல்னு தட்டிவிட வாய்ப்பு இருக்கு.

பைபாஸ்பாண்டி
28-ந்தேதி கெடு கோவிந்தா.

பத்திரப்புலி
மேலமாசி சொன்னது சரி. நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

செங்கல்சூளை
😄

நெல்லைமேஸ்திரி
ஒரு சந்தேகம். மாடி இருக்கா? இருந்தா அது எப்ப எழும்புச்சு?

(மூணு வாரம் கழிச்சு)

வாடகைக்காரன்
எல்லாருக்கும் நன்றி. சங்கத்துல ஃபைல் கிடைச்சது. நீலக் காகிதம், மடிப்புல மூணு துண்டாக் கிழிஞ்சு, பின்னாடி செல்லோடேப் ஒட்டி இருந்துச்சு. செயல் அலுவலர் கையெழுத்தும் வட்ட சீலும் தெளிவா இருக்கு. கடன் 2011-லயே முடிஞ்சது, ரசீது பதிய ஓனர் மறந்திருக்கார். போன வாரம் பதிஞ்சாச்சு.

மேஸ்திரி கேட்டது சரிதான். பிளான்ல தரைத்தளம் 780 சதுரடி மட்டும். மாடி 2012-ல கட்டினதாம், அனுமதி இல்ல. வேல்யூவர் மாடிக்கு ஒரு ரூபாகூட மதிப்புப் போடல. லோன் ஆறு லட்சம் குறையுது.

தென்காசித்தென்றல்
நகர் ஊரமைப்புச் சட்டம் 113-சி-ல, அனுமதி இல்லாத கட்டடத்தை வரன்முறை பண்ணலாமே?

மேலமாசி
அது 2007 ஜூலை 1-க்கு முன்னாடி கட்டினதுக்கு. 2012 மாடி அதுல வராது. வாடகைக்காரன், விலையை இறக்கிப் பேசுங்க. மாடியை நீங்க பணம் கொடுத்து வாங்குறீங்க, ஆனா பேப்பர்ல அப்படி ஒண்ணு இல்ல.

நெல்லைமேஸ்திரி
அக்ரிமென்ட் பதிஞ்சீங்களா, இல்ல சும்மா முத்திரைத்தாள்ல எழுதினதா?

பைபாஸ்பாண்டி
தம்பி? இருக்கீங்களா? என்ன முடிவு பண்ணீங்கன்னு சொல்லிட்டுப் போங்க, நானும் அதே ஏரியாவுலதான் வீடு பார்க்குறேன்.