ஆண்ட்ரோமீடா வந்து மோதினா என்ன ஆகும்? எங்க பினாங்கு வீட்டுக் குழுவில் ஒரு தீபாவளி வாரம்

வெள்ளி, 17 அக்டோபர் 2025

லெட்சுமி அத்தை: (பலமுறை பகிரப்பட்டது) எச்சரிக்கை!! நம் பால்வெளி மண்டலத்தை நோக்கி ஆண்ட்ரோமீடா என்ற ராட்சத கேலக்ஸி (நட்சத்திரக் கூட்டம்) மணிக்கு 4 லட்சம் கி.மீ. வேகத்தில் பாய்ந்து வருகிறது. மோதினால் கோடானுகோடி நட்சத்திரங்கள் வெடித்துச் சிதறும். இறைவனை வேண்டுவோம். 10 பேருக்கு அனுப்பவும்.

லெட்சுமி அத்தை: தர்ஷினிமா, இது உண்மையா? நீதானே இதெல்லாம் படிக்கிற. படிச்சதுல இருந்து மனசு ஒரு மாதிரியா இருக்கு

தேவி: அத்தை, யாருக்கும் அனுப்பிடாதீங்க. அவ லேப்ல இருப்பா, வந்து சொல்லுவா

மணியம் சித்தப்பா: எனக்கும் இதே வந்துச்சு, லிட்டில் இந்தியாவுல லைட் கட்டிக்கிட்டு இருக்கும்போது

தர்ஷினி: அத்தை, இப்பதான் ரூமுக்கு வந்தேன். வேகம் சரிதான். வினாடிக்கு 110 கி.மீ., கணக்குப் போட்டா மணிக்கு ஏறக்குறைய 4 லட்சம் வரும். ஆனா அது இருக்கறது 25 லட்சம் ஒளியாண்டு தூரத்துல. வெளிச்சம் ஒரு வருசத்துல போற தூரம்தான் ஒரு ஒளியாண்டு. நட்சத்திரங்க வெடிச்சுச் சிதறும்னு போட்டிருக்காங்களே, அது தப்பு. நீங்க நிம்மதியாத் தூங்கலாம்

லெட்சுமி அத்தை: மோதவே மோதாதா?

தர்ஷினி: மோதலாம், மோதாமலும் போகலாம். அதைப் பிறகு சொல்றேன். மோதினா என்ன ஆகும்ங்கறதுதான் அத்தை ரொம்ப அழகான விஷயம்

குணா மாமா: எனக்கு ஒரு சந்தேகம்மா. பிரபஞ்சம் விரியுது, எல்லாம் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகிப் போகுதுன்னு படிச்சிருக்கேன். இது மட்டும் எப்படிக் கிட்ட வருது?

தர்ஷினி: நல்ல கேள்வி மாமா. ரொம்பத் தூரத்துல இருக்கறதுங்கதான் விரிவோட சேர்ந்து விலகிப் போகும். பக்கத்துல இருக்கறதை ஈர்ப்பு விசை விடாது. ஆண்ட்ரோமீடாவும் நாமளும் அந்தக் கணக்குல பக்கத்து வீடு.

தர்ஷினி: இது கிட்ட வருதுன்னு 1912-லயே தெரிஞ்சுடுச்சு. அமெரிக்காவுல லோவெல் வானாய்வகத்துல வெஸ்டோ ஸ்லைஃபர்னு ஒருத்தர் அதோட வெளிச்சத்தை நிறம் நிறமாப் பிரிச்சுப் பார்த்தார். அந்த நிறப்பட்டையில தெரியற கோடுங்க நீலப் பக்கம் நகர்ந்து இருந்துச்சு. எதிர்ல வர்ற ஆம்புலன்ஸ் சத்தம் கீச்சுன்னு கேக்குதுல்ல, வெளிச்சத்துல அதே விஷயம்தான். அது தனி கேலக்ஸியா, இல்ல நம்ம பால்வெளிக்குள்ள இருக்கற ஒரு புகைமேகமான்னுகூட அன்னிக்கு யாருக்கும் உறுதியாத் தெரியாது மாமா

குணா மாமா: என்னன்னு தெரியறதுக்கு முன்னாடியே வருதுன்னு தெரிஞ்சுடுச்சா!

சனி, 18 அக்டோபர் 2025

தேவி: சின்னம்மா நான் கவின், அம்மா போன்ல இருந்து. ரெண்டு கேலக்ஸி மோதினா நட்சத்திரமும் நட்சத்திரமும் டமால்னு மோதாதா??

தர்ஷினி: கவின், பாட்டி நேத்து கொண்டைக்கடலை ஊற வெச்சாங்கள்ல, ஒண்ணு எடுத்து ஸ்கேல் வெச்சு அளந்து பாரு

தேவி: 1 செ.மீ. சின்னம்மா. சிலது கொஞ்சம் பெருசு

தர்ஷினி: சரி, அந்தக் கடலைதான் சூரியன். அப்போ பூமி அதுல இருந்து 1 மீட்டர் தள்ளி ஒரு மாவுத் தூள். கண்ணுக்குத் தெரியறதே கஷ்டம். சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் புரோக்சிமா. அது சின்னது, ஒரு கடுகு. இப்ப சொல்லு, கடலையை நம்ம பினாங்கு வீட்டுல வெச்சா கடுகை எங்க வெக்கணும்?

தேவி: திடல் கடைசியில?

தேவி: பட்டர்வொர்த்துல அத்தைப் பாட்டி வீட்டுல?

தர்ஷினி: நான் இருக்கற கோலாலம்பூர்ல. நேர்கோட்டுல 290 கி.மீ. நடுவுல ஈப்போ, தாப்பா, தஞ்சோங் மாலிம் எங்கயும் ஒரு கடலைகூடக் கிடையாது. இப்படியே கடலைகளைத் தூவின ஒரு நாடும் இன்னொரு நாடும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்தா எத்தனை கடலை முட்டிக்கும்?

மணியம் சித்தப்பா: ஒண்ணுகூட முட்டாதே மா

தர்ஷினி: கிட்டத்தட்ட அப்படித்தான் சித்தப்பா. நம்ம பால்வெளியில 10 ஆயிரம் கோடிக்கு மேல நட்சத்திரம். ஆண்ட்ரோமீடாவுல அதைவிட அதிகம். அவ்வளவும் ஊடுருவிப் போனாலும் நேருக்கு நேர் முட்டறது அபூர்வத்துலயும் அபூர்வம்

குணா மாமா: அப்புறம் எதுக்கு மோதல்னு பேரு வெச்சாங்க?

தர்ஷினி: நட்சத்திரங்கதான் மாமா ஒண்ணுக்கொண்ணு தனிமையில கிடக்கு. கேலக்ஸிங்க நெருக்கமா இருக்கு! நம்ம பால்வெளி 1 லட்சம் ஒளியாண்டு அகலம். ஆண்ட்ரோமீடா 25 லட்சத்துல இருக்கு. ஒரு தோசைக்கல் இங்க, இன்னொண்ணு 25 தோசைக்கல் தூரத்துல. ஒரே கூடத்துக்குள்ள வெச்சுடலாம். அதனாலதான் கேலக்ஸிங்க அடிக்கடி மோதிக்குது. உள்ள இருக்கற நட்சத்திரத்துக்கு அது தெரியறதே இல்ல. எனக்கு இதை முதல்ல படிச்சப்ப ராத்திரி தூக்கம் வரல

தேவி: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

தேவி: கவின் படம் அனுப்பறேன்னு மாவு டப்பா படத்தை அனுப்பிட்டான். சரி, முட்டாதுன்னா அப்புறம் என்னதான்டி நடக்கும்?

தர்ஷினி: அக்கா, கடலைக்கு நடுவுல வெறும் காலின்னு நினைச்சுடாத. பெரிய பெரிய வாயு மேகம் இருக்கு. அதுங்க மட்டும் நிஜமாவே இடிச்சுக்கும். இடிச்சு அழுத்தம் ஏறினா மேகம் சுருங்கி, புது நட்சத்திரம் கொத்துக் கொத்தாப் பிறக்கும். ஆண்டெனா கேலக்ஸிகள்னு ஒரு ஜோடி இருக்கு, கரப்பான்பூச்சி மீசை மாதிரி ரெண்டு வால் நீட்டிக்கிட்டு. அதுல இப்ப அதுதான் நடந்துக்கிட்டு இருக்கு. ஹபிள் தொலைநோக்கி எடுத்த படத்துல புதுக் கொத்துங்க நீலமா மின்னும், பிறக்கற இடம் இளஞ்சிவப்பா இருக்கும்

லெட்சுமி அத்தை: பிறக்குதா! அந்த மெசேஜ்ல சிதறும்னு எழுதியிருந்தாங்களே

குணா மாமா: அந்த வால் எப்படி வருது? வெடிச்சுத் தெறிச்சதா?

தர்ஷினி: இல்ல மாமா, அது கடல் ஏத்தம் மாதிரி. நிலா கடலை இழுக்குது, நிலாவுக்குப் பக்கத்துல இருக்கற தண்ணியை அதிகமா, தள்ளி இருக்கறதைக் கம்மியா. அந்த வித்தியாசத்துலதான் படகுத்துறைத் தூணுல தண்ணி ஏறி இறங்குது. கேலக்ஸிக்கும் அப்படியே. கிட்ட இருக்கற ஓரம் ஒரு பக்கம் இழுபடும், எதிர் ஓரம் பின்தங்கி நீளும். 1972-ல அலார் டூம்ரே, யூரி டூம்ரேன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டினாங்க. ஈர்ப்பு ஒண்ணே போதும், அந்த வால் தானா வருதுன்னு

தர்ஷினி: ஆனா சித்தப்பா, உங்களுக்குன்னு ஒரு கதை வெச்சிருக்கேன். கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல இதை ஒருத்தர் பல்ப் வெச்சுச் செஞ்சு பார்த்தார்

மணியம் சித்தப்பா: பல்பா?

தர்ஷினி: 1941. சுவீடன்ல லுண்ட் நகரம். எரிக் ஹோம்பெர்க். ஒரு கேலக்ஸிக்கு 37 பல்ப், இன்னொண்ணுக்கு 37. மொத்தம் 74

மணியம் சித்தப்பா: பல்புக்கும் ஈர்ப்புக்கும் என்னாம்மா சம்பந்தம்

தர்ஷினி: நீங்களே சொல்லுங்க சித்தப்பா. பந்தல்ல ஒரு பல்பை ரெண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளி மாட்டினா கீழ வெளிச்சம் எவ்வளவு குறையும்?

மணியம் சித்தப்பா: பாதியா ஆகும்னு எல்லாரும் நினைப்பாங்க. கால்வாசிதான் மிஞ்சும். மூணு மடங்கு தள்ளினா ஒன்பதுல ஒண்ணு. புதுசா வேலைக்கு வர்ற பையங்களுக்கு முதல்ல இதைத்தான் சொல்லிக் குடுப்பேன்

தர்ஷினி: ஈர்ப்பு விசையும் அதே கணக்குலதான் குறையும்!! ரெண்டு மடங்கு தூரம்னா கால்வாசி. அதனால அவர் ஒரு பல்ப் இருக்கற இடத்துல ஒளிமின்கலம் வெச்சு, எந்தப் பக்கத்துல இருந்து எவ்வளவு வெளிச்சம் வருதுன்னு அளந்தார். அந்த வெளிச்சம்தான் மத்த எல்லா நட்சத்திரமும் சேர்ந்து அதை இழுக்கற இழுப்பு. அந்தக் கணக்குப்படி ஒவ்வொரு பல்பையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி வெப்பார். திரும்ப எல்லாத்தையும் அளப்பார், திரும்ப நகர்த்துவார்

மணியம் சித்தப்பா: 74 பல்பையும் ஒவ்வொரு தடவையுமா?

தர்ஷினி: ஆமா சித்தப்பா

மணியம் சித்தப்பா: இருட்டு ரூம்ல, சுவத்துல பட்டு வெளிச்சம் திரும்பி வராம, எல்லா பல்பும் ஒரே மாதிரி எரியணும், கரண்ட் ஏறி இறங்கக் கூடாது. ஒண்ணு மங்கினாலும் கணக்கு கெட்டுப் போயிடும். அந்த மனுசனோட பொறுமையை நினைச்சா கை எடுத்துக் கும்பிடணும் போல இருக்கும்மா. கடைசியில என்ன கண்டுபிடிச்சார்?

தர்ஷினி: ரெண்டும் கிட்ட வந்து உரசினா உருவம் கலைஞ்சு கை மாதிரி நீளும்னு. அதோட போற வேகம் குறைஞ்சு, ஒண்ணு இன்னொண்ணுகிட்ட மாட்டிக்கும்னும். இன்னிக்குக் கோடிக்கணக்கான புள்ளி வெச்சு ஓட்டற கம்ப்யூட்டர் கணக்குலயும் அதேதான் வருது. ஒரே மோதல்ல முடியாது. ஊடுருவிப் போகும், வேகம் இழந்து திரும்பி வரும், மறுபடி ஊடுருவும். நூறு கோடி வருசக்கணக்குல இழுக்கும். கடைசியில சுருள் எல்லாம் கலைஞ்சு, முட்டை வடிவத்துல ஒரே கேலக்ஸி

மணியம் சித்தப்பா: நாளைக்கு வேலையில பையங்ககிட்ட இதைச் சொல்லப் போறேன். 37-ம் 37-ம்

குணா மாமா: சரி, மோதுமா மோதாதா? நேத்து பிறகு சொல்றேன்னியே

தர்ஷினி: 2012-ல ஹபிள் அளவை வெச்சு, 400 கோடி வருசத்துல நேரா மோதும்னு சொன்னாங்க மாமா. எங்க பாடப் புத்தகத்துலயும் அப்படித்தான் இருந்துச்சு. போன ஜூன் மாசம் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்துல தில் சவாலாவும் கூட இருக்கறவங்களும் புதுசாக் கணக்குப் போட்டாங்க. கையான்னு ஒரு செயற்கைக்கோள் அளந்தது, ஹபிள் அளந்தது ரெண்டையும் சேர்த்து, 1 லட்சம் தடவை ஓட்டிப் பார்த்தாங்க. அடுத்த 1000 கோடி வருசத்துல மோதறதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புதான்

குணா மாமா: ஏன் மாறுச்சு?

தர்ஷினி: பெரிய மெகல்லன் மேகம்னு ஒரு சின்ன கேலக்ஸி நம்மகூட இருக்கு. நாம ஆண்ட்ரோமீடாவை நோக்கிப் போற வழிக்குக் குறுக்கா அது போகுது. போறப்ப நம்மையும் பக்கவாட்டுல இழுக்குது. அதைக் கணக்குல சேர்த்தா நேரா முட்டற வாய்ப்பு குறையுது. அந்தச் சின்னது மட்டும் சுமார் 200 கோடி வருசத்துல நம்மகூடக் கண்டிப்பாக் கலந்துடும்

தர்ஷினி: அதுவும் புதுசு இல்ல. 800 கோடி வருசத்துக்கும் முன்னாடி பால்வெளி வேற ஒரு கேலக்ஸியை விழுங்கியிருக்கு. அதோட நட்சத்திரங்க இன்னிக்கும் வேற மாதிரிப் பாதையில சுத்திக்கிட்டு இருக்கறதை 2018-ல கையா தகவல்ல கண்டுபிடிச்சாங்க

லெட்சுமி அத்தை: அப்போ நாம இருக்கற வீடே கலந்து வந்த வீடுதானா

பாட்டி: (குரல் பதிவு, 1:46)

தேவி: சத்தத்துக்கு நடுவுல இருக்கறவங்களுக்காகப் பாட்டி சொன்னதை எழுதறேன். "நாலு நட்சத்திரம் கட்டில் கால் மாதிரி இருக்கும். பூரட்டாதி ரெண்டு, உத்திரட்டாதி ரெண்டு. என் நட்சத்திரம் உத்திரட்டாதி. ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப ஆனி ஆடி மாசம் விடியக்காலையில பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்க) நிக்கும்போது தலைக்கு மேல தெரியும். எங்கப்பா காட்டுவார். அப்புறம் நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு பால் வெட்டப் போயிடுவோம். விளக்கைப் போட்டதும் மேல ஒண்ணும் தெரியாது. இந்தப் புள்ள சொல்றது அந்தப் பக்கமா இருக்கா?"

தர்ஷினி: பாட்டி!!!! அதே பக்கம்தான். உங்க உத்திரட்டாதியில ஒரு காலைப் பிடிச்சுத்தான் நாங்களே ஆண்ட்ரோமீடாவைத் தேடுவோம். அந்தக் கால்ல இருந்து வரிசையா ரெண்டு நட்சத்திரம் தள்ளிப் போய், வடக்கே திரும்பி சின்னதா ரெண்டு. அதுக்குப் பக்கத்துல மங்கலா ஒரு வெள்ளை. நீங்க பெரட்டுக்களத்துல நின்னு எத்தனையோ தடவை பார்த்திருப்பீங்க, பேர் மட்டும்தான் தெரியாது

பாட்டி: (குரல் பதிவு, 0:09)

தேவி: "அப்போ என்னை மறுபடி கூட்டிட்டுப் போய்க் காட்டு" ங்கறாங்க

தர்ஷினி: தீபாவளி அன்னிக்கு ராத்திரி போலாம். அமாவாசை ஒட்டி, நிலா இருக்காது. ஜார்ஜ் டவுன் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது, தெலுக் பஹாங் போயிடலாம். அங்க வடக்கே கடல்தான். பத்து மணிக்குப் பாதி வானத்து உயரத்துல இருக்கும். நாளைக்குக் காலை ரயில்ல பட்டர்வொர்த் வந்து ஃபெரி பிடிக்கறேன்

மணியம் சித்தப்பா: என் காடியில ஆறு பேர் போலாம். பாட்டிக்கு நாற்காலி நான் எடுத்துக்கறேன்

திங்கள், 20 அக்டோபர் 2025

லெட்சுமி அத்தை: எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள். இங்க விருந்தாளிங்க, என்னால வர முடியல. வானம் எப்படி இருக்கு?

தேவி: சாயங்காலம் மழை அத்தை. இப்ப விட்டுடுச்சு. கடற்கரையில உக்காந்திருக்கோம், மேகம் நிறைய. பாட்டி போர்வை போத்திக்கிட்டு மேலயே பார்த்துக்கிட்டு இருக்காங்க

தர்ஷினி: வடகிழக்குல கொஞ்சம் விலகுது. எல்லாரும் போனை அணைங்க, கண்ணு இருட்டுக்குப் பழக இருபது நிமிசம் ஆகும்

லெட்சுமி அத்தை: சரிம்மா. பார்த்துட்டுச் சொல்லுங்க

லெட்சுமி அத்தை: தெரிஞ்சுதா?

லெட்சுமி அத்தை: அண்ணே? தேவி?

மணியம் சித்தப்பா: தெரிஞ்சுது லெட்சுமி. முதல்ல நாலு காலையும் அம்மாதான் கண்டுபிடிச்சாங்க. விரலை நீட்டி எண்ணிக் காட்டினாங்க. அங்க இருந்து தர்ஷினி கூட்டிட்டுப் போனா. கண்ணாடியில ஊதின ஆவி மாதிரி அவ்வளவுதான் இருக்கு. கவின் பைனாகுலரைத் தரவே மாட்டேங்கறான். இது கிளம்பினப்ப உலகத்துல நம்ம மாதிரி மனுசனே கிடையாதாம், 25 லட்சம் வருசம் நடந்து வந்த வெளிச்சமாம். இத்தனை வருசம் லைட் வேலை பார்த்திருக்கேன், இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல

பாட்டி: (குரல் பதிவு, 0:21)

லெட்சுமி அத்தை: கேட்டேன் அம்மா. வாசல் விளக்கை அணைக்கல, நல்ல நாள்தானே. நீங்க சொன்ன மாதிரி பின்கட்டுக்கு வந்து அங்க இருக்கற லைட்டை மட்டும் அணைச்சுட்டு நிக்கறேன். இங்க இன்னும் மேகம். விருந்தாளிங்களும் கூட வந்து நிக்கறாங்க

தர்ஷினி: மேகம் உங்க பக்கம்தான் நகருது அத்தை, அங்கயும் விலகிடும். நில்லுங்க