கொழுந்து நிறைப் பதிவு: கொலெக்ஷனில் 60 ஒப்ஜெக்ட், ஆனால் கடைசிப் பெட்டி மட்டும் வேலை செய்கிறது

ஹட்டன்_செக்ரோல்

வணக்கம். மைக்ரோசொஃப்ட் அக்சஸ் 2016, 32 பிட். தேயிலைத் தோட்ட ஒபிசுக்கான கொழுந்து நிறைப் பதிவு ஃபோர்ம் ஒன்று. பக்கத்துக்கு 20 பேர், ஆளுக்குக் காலை, பகல், அந்தி என்று மூன்று நிறை. ஆக 60 அன்பவுண்ட் (டேபிளோடு இணைக்காத) பெட்டிகள். 60 தடவை ஒரே கோடை எழுதாமல், ‘வித்இவென்ட்ஸ்’ (பெட்டியில் நடப்பதைக் கிளாசுக்குத் தெரிவிப்பது) வைத்து ஒரு கிளாஸ் மொடியூல் செய்திருக்கிறேன். சாக்குக் கழிவு, தண்ணீர்க் கழிவு போக மிச்சக் கிலோவைக் கணக்கிடுவது அதன் வேலை. ஃபோர்ம் திறக்கும்போது லூப்பில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஒப்ஜெக்ட் உருவாக்கிக் கொலெக்ஷனில் சேர்க்கிறேன்.

லூப்புக்குள் இருப்பது:

டிம் நிறை அஸ் நியூ கிளாஸ்நிறை
நிறை.தொடங்கு பெட்டி
நிறைகள்.அட் நிறை

கொலெக்ஷனின் ‘கவுண்ட்’ 60 என்று சரியாக வருகிறது. ஆனால் 20ஆவது ஆளின் அந்திப் பெட்டியில் தட்டினால் மட்டும் கணக்கு நடக்கிறது. மற்ற 59ம் ஊமை.

இன்னும் இரண்டு. பெட்டியில் இருந்ததை அழித்துவிட்டு நகர்ந்தால் பிழை 94 வருகிறது. ‘என்ட்’ அழுத்தினால் அதன்பிறகு அந்தக் கடைசிப் பெட்டியும் செத்துவிடுகிறது, ஃபோர்மை மூடித் திறக்க வேண்டும். மற்றது, ஜூன் 5 செக்ரோலை (தொழிலாளர் நாள்வாரிப் பதிவேடு) கேட்டால் மே 6 வருகிறது. ஜூன் 15 கேட்டால் சரியாகவே வருகிறது!

பண்டாரவளை_விபிஏ

முதல் கோளாறு ‘அஸ் நியூ’வில் இருக்கிறது. விபிஏயில் (அக்சஸின் ப்ரோகிராம் மொழி) வேரியபிளை அறிவிக்கும் ‘டிம்’ என்பது ஓடும் வரி அல்ல. லூப்புக்குள் எழுதினாலும் ப்ரொசீஜருக்கு ஒரே ஒரு வேரியபிள்தான். ‘அஸ் நியூ’ போட்டால் அந்த வேரியபிள் வெறுமையாக இருக்கும்போது மட்டும் புது ஒப்ஜெக்ட் பிறக்கும். முதல் சுற்றில் பிறந்தது இரண்டாம் சுற்றிலும் உயிரோடு இருப்பதால் புதிதாக எதுவும் பிறக்காது. ஆகவே கொலெக்ஷனில் இருப்பது ஒரே ஒப்ஜெக்டுக்கு 60 சுட்டிகள். அந்த ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் பழைய பெட்டியை விட்டுப் புதுப் பெட்டியைப் பிடிக்கிறது. லூப் முடியும்போது கையில் இருப்பது கடைசிப் பெட்டி. கவுண்டை நம்பிப் பயனில்லை.

உறுதிப்படுத்த, லூப்புக்கு அடுத்த வரியில் எஃப்9 அழுத்தி நிறுத்துங்க. கொன்ட்ரோல் ஜி அழுத்தி இமீடியட் விண்டோவில் ‘? நிறைகள்(1) இஸ் நிறைகள்(60)’ என்று கேளுங்க. ‘ட்ரூ’ வந்தால் நான் சொன்னதுதான்.

மாற்ற வேண்டியது:

டிம் நிறை அஸ் கிளாஸ்நிறை (இது லூப்புக்கு வெளியே)
செட் நிறை = நியூ கிளாஸ்நிறை (இது லூப்புக்குள், முதல் வரி)

கொலெக்ஷனை ஃபோர்ம் மொடியூலின் உச்சியில் அறிவித்திருக்க வேண்டும். லோட் ப்ரொசீஜருக்குள் அறிவித்தால் அது முடிந்த கணமே 60 ஒப்ஜெக்டும் அழிந்துவிடும். ‘தொடங்கு’ மெதட்டில் பெட்டியின் ‘ஆஃப்டர்அப்டேட்’ ப்ரொப்பர்டிக்கு ‘[இவென்ட் ப்ரொசீஜர்]’ என்ற எழுத்தைச் சதுர அடைப்போடு அப்படியே கொடுத்திருக்கிறீங்களா என்றும் பாருங்க. அது இல்லாவிட்டால் அக்சஸ் கிளாசுக்குத் தகவலே அனுப்பாது, பிழையும் காட்டாது. கடைசிப் பெட்டி வேலை செய்வதால் உங்களிடம் இருக்கும்போல.

பிழை 94: அழித்த பெட்டியின் மதிப்பு பூச்சியம் இல்லை, ‘நல்’ (மதிப்பே இல்லை). அதை எண் வேரியபிளில் போட முடியாது, ‘என்இசட்(பெட்டி.வெல்யூ, 0)’ என்று எடுங்க. ‘என்ட்’ அழுத்தியதும் விபிஏ மொடியூல் மட்ட வேரியபிள் எல்லாவற்றையும் துடைத்துவிடும், கொலெக்ஷனும் அதோடு போகும். அதனால் கிளாசின் ஒவ்வொரு இவென்ட்டிலும் ‘ஒன் எரர்’ (பிழையைப் பிடிக்கும் வரி) கட்டாயம். ஒபிசுக்குக் கொடுக்கும் கொப்பியை ஏசிசிடிஇ (கோடைத் திருத்த முடியாதபடி கொம்பைல் செய்த கோப்பு) ஆக்கிக் கொடுங்க. அதில் பிடிபடாத பிழை வந்தாலும் வேரியபிள்கள் அழியாது.

பிழை தேடும்போது டூல்ஸ், ஒப்ஷன்ஸ், ஜெனரல் போய் ‘பிரேக் இன் கிளாஸ் மொடியூல்’ தெரிவு செய்யுங்க. இல்லாவிட்டால் ஃபோர்மிலிருந்து அழைத்த கிளாஸ் மெதட்டில் பிழை வந்தாலும் மஞ்சள் கோடு அழைத்த வரியில்தான் நிற்கும், உள்ளே எது உடைந்தது என்று தெரியாது.

தலவாக்கலை_டேபிள்

திகதிக் கோளாறுக்கு நான் சொல்கிறேன். எஸ்கியூஎல் வாக்கியத்தில் திகதியை ஒட்டும்போது அது விண்டோஸ் அமைப்பின்படி நாள்/மாதம்/ஆண்டு என்று எழுத்தாகிறது. ஆனால் # குறிகளுக்குள் 05/06 என்று வந்தால் அக்சஸ் முதல் எண்ணை மாதமாக வாசிக்கும். 15ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அப்போது மட்டும் திருப்பி வாசித்துச் சரியாக்கிக்கொள்கிறது. ஆகவே 12ஆம் திகதி வரை பிழை, 13இலிருந்து சரி. நாளும் மாதமும் ஒன்றான ஜூன் 6 மாதிரித் திகதியில் சோதித்தால் கோளாறு தெரியவே தெரியாது. ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் ‘ஃபோர்மட்’ செய்து # குறிக்குள் வைங்க. அதைவிடத் திகதியைத் தனி மதிப்பாகக் கொடுக்கும் பெரமீட்டர் கியூரி நல்லது, எழுத்தாக மாற்றும் வேலையே இல்லை.

ஆனால் 60 அன்பவுண்ட் பெட்டி தேவையா? ஆள் இலக்கம், திகதி, வேளை, கிலோ என்று நாலு ஃபீல்ட் டேபிள், அதன்மேல் பவுண்ட் கன்டினியுவஸ் ஃபோர்ம் (டேபிளோடு இணைந்து பதிவுகளை வரிசையாகக் காட்டுவது). கிளாசே வேண்டாம்.

பண்டாரவளை_விபிஏ

டேபிள் அப்படித்தான் இருக்க வேண்டும், சந்தேகமில்லை. பதிகிற திரை வேறு விசயம். கணக்கப்பிள்ளையின் தாளில் மூன்று நிறையும் ஒரே வரியில் குறுக்கே இருக்கும். பதிகிறவர் தாளைப் பார்த்து என்டர் தட்டிக்கொண்டே போவார். திரை தாள் மாதிரி இருந்தால் வரி தவறாது. சேமிக்கும்போது மூன்றையும் மூன்று வரிசையாக்கி ஒரே ட்ரான்செக்ஷனில் (எல்லாம் சேரும் அல்லது எதுவும் சேராது) எழுதினால் போதும்.

கிலோ ஃபீல்ட் ‘டபிள்’ ஆக இருந்தால் ‘கரன்சி’ ஆக்குங்க. நாலு தசமம் வரை பிசகாது. நாள் மொத்தத்தை ஒப்பிடும்போது தசமத்தின் கடைசி இலக்கங்களில் இடிக்காது.

ஹட்டன்_செக்ரோல்

‘ட்ரூ’ தான் வந்தது. மாற்றிய பிறகு 60 பெட்டியும் வேலை செய்கிறது, திகதியும் சரி. இப்போது கிளாசுக்குள் ‘நிறை கூடிவிட்டது’ என்று தமிழில் எழுதி மெசேஜ் பொக்ஸில் காட்டினால் வெறும் கேள்விக்குறிகள் வருகின்றன. விண்டோசில் லொக்கேலை மாற்றினால் சரிவருமா?

தலவாக்கலை_டேபிள்

வராது. விபிஏ எடிட்டர் யூனிகோட் இல்லை, கோட் பேஜை (எழுத்துகளுக்கு எண் தரும் பழைய அட்டவணை) நம்பி இருக்கிறது. தமிழுக்கு எடிட்டர் பயன்படுத்தக்கூடிய கோட் பேஜ் விண்டோசில் கிடையாது. எழுத்து எடிட்டருக்குள் போகும்போதே கெட்டுவிடும். செய்திகளை ஒரு டேபிளில் இலக்கத்தோடு வைங்க, அக்சஸ் டேபிள் தமிழை ஒழுங்காக வைத்திருக்கும். கிளாஸ் இலக்கத்தை மட்டும் அறியட்டும். ‘டீலுக்கப்’பால் வாசகத்தை எடுத்து ஃபோர்மின் அடியில் ஒரு சிவப்பு லேபிளின் ‘கெப்ஷன்’இல் போடுங்க. மெசேஜ் பொக்ஸ் வேண்டாம், வேகமாகப் பதிகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் ஓகே அழுத்துவது தொல்லை.