புதுப்பிப்பு: யாழ்ப்பாணச் சட்டத்தரணிக்குக் கனடாவில் வேலை

கணவரின் ஸ்பொன்சர் முடிந்து டொரோன்டோவின் ஸ்காபரோ போன பிறகுதான் என்சிஏ (வெளிநாட்டில் சட்டம் படித்தவர்களின் தகுதியைக் கனடாவுக்காக மதிப்பிடும் குழு) மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டுமா, இங்கிருந்தே தொடங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. "விசாவுக்காகக் காத்திருக்காதே, இப்பவே அனுப்பு" என்ற யோசனைதான் பலித்தது. மதிப்பீட்டுக்கு அங்கே வசிக்க வேண்டிய அவசியமில்லை.

நேரம் தின்றது கடிதங்கள்தான். கையில் இருக்கும் புள்ளிப் பட்டியல் செல்லாது. படித்த இடமே நேரடியாக என்சிஏவுக்கு அனுப்ப வேண்டும். அதற்காகக் கொழும்பு புதுக்கடையில் உள்ள சட்டக் கல்லூரிக்கு அலைய வேண்டி வந்தது. கொழும்பில் ஆள் இருந்தால் முதலே சொல்லி வையுங்கள்.

எதிர்பாராதது ஒன்று: சோதனை எழுத வேண்டிய கனடியச் சட்டப் பாடங்களாக அரசியலமைப்பு, நிர்வாகம், குற்றவியல், சட்ட அடித்தளம், தொழில் ஒழுக்கம் ஆகிய ஐந்தோடு ஒப்பந்தமும் சொத்துச் சட்டமும் எனக்குத் தந்தார்கள். நம்முடைய இலங்கைச் சட்டத்தில் உள்ள ரோமன்-டச்சுச் சட்டக் கலப்புதான் காரணமாக இருக்கும். சோதனையைப் புத்தகம் பார்த்தே எழுதலாம், வீட்டிலிருந்தே. தொடங்கும் முன் அறையைக் கமராவில் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். சுவரில் தொங்கிய கோயில் நாள்காட்டியைக் கழற்றி வெளியே வைத்தேன். புத்தகம் இருக்கிறதே என்று படிக்காமல் போனால் தேடவே நேரம் போய்விடும்.

வேலை? லோ கிளார்க் (சட்டத்தரணிக்கு உதவியாளர்) வேலைக்கு உரிமம் தேவையில்லை. தமிழ்க் கந்தோர் ஒன்று, காணி உறுதி எழுதிய என் அனுபவத்தைப் பார்த்து, வீடு விற்பனைப் பிரிவுக்கு வரச் சொல்லியிருக்கிறது. சம்பளம் சுமார்தான். சட்டத்தரணி உரிமத்துக்கான ஒன்ராறியோவின் பாரிஸ்டர், சொலிசிட்டர் சோதனைகளும் ஆர்ட்டிக்ளிங்கும் (சட்டத்தரணியின் கீழ் பெறும் பயிற்சி) இனித்தான்.