டயல் செய்தால் மவுஸ் நின்றுவிடும்: டயல்-அப் போட்ட கதைகள்

பரணில் கிடந்த பழைய கணினியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன், பின்பக்கம் மோடத்தின் (போன் லைனில் டயல் செய்து இணையத்தில் சேர்க்கும் கருவி, அதுதான் டயல்-அப்) இரண்டு துளைகளைப் பார்த்ததும் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. உங்களுக்கும் இப்படி ஒரு கதை இருக்கும், எழுதுங்கள். முதலில் என்னுடையது.

விண்டோஸ் 98. மவுஸ் சீரியல் போர்ட் என்ற பழைய வகைத் துளையில், விண்டோஸ் அதற்கு வைத்த பெயர் காம் 1. மோடம் உள்ளே செருகும் அட்டை, அதன் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஜம்பர்கள், எந்தக் காம் எண் என்று தேர்ந்தெடுக்கும் குட்டி மூடிகள். கூட வந்த தாளில் காம் 3-ல் வைக்கச் சொல்லிப் படம் போட்டிருந்தது, நானும் அப்படியே வைத்தேன். மை கம்ப்யூட்டருக்குள் டயல்-அப் நெட்வொர்க்கிங்கைத் திறந்து, புது இணைப்பு உருவாக்கி, எண், பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் கொடுத்து கனெக்ட் அமுக்கினால் டயல் டோன் கேட்கிறது, எண்களும் போகின்றன, அதே நொடி மவுஸ் அம்பு திரை நடுவில் உறைந்து நிற்கிறது. கீபோர்டு நன்றாக இருக்கிறது, மவுஸ் மட்டும் பிணம். இணைப்பைத் துண்டிக்க அம்பு வேண்டும், அம்பு வராது, அதனால் ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ச் சுவரில் இருந்து போன் ஒயரைப் பிடுங்கினேன். எஸ்கேப் என்று ஒரு விசை இருப்பது அந்த மூன்று நாளும் ஞாபகம் வரவில்லை.

டிரைவரை அழித்துப் போட்டேன், விண்டோஸையே இரண்டு முறை போட்டேன். பழி மவுஸ் மேல் விழுந்து புது மவுஸும் வந்தது, அதுவும் நின்றது. விஷயம் வேறு. காம் 1-க்கும் காம் 3-க்கும் வழக்கமாக ஒரே குறுக்கீட்டு எண், ஐ.ஆர்.க்யூ. 4. காம் 2-க்கும் காம் 4-க்கும் 3. செயலியைக் கூப்பிட இரண்டு பேருக்கும் ஒரே மணிதான், மோடம் அதைப் பிடித்துக்கொண்டால் மவுஸ் அடிப்பது யாருக்கும் கேட்காது. சரி, மோடத்தைக் காம் 2-க்கு மாற்றலாம் என்று ஜம்பரை ட்வீசரால் இழுத்தேன், அது தெறித்து மேசைக்கு அடியில் போய்விட்டது, டார்ச்சோடு அரை மணி நேரம் தேடல். மாற்றியும் ஓடவில்லை, ஏனென்றால் மதர்போர்டிலேயே ஒரு காம் 2 உட்கார்ந்திருக்கிறது. பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய் அந்த இரண்டாவது சீரியல் போர்ட்டை டிஸேபிள் செய்த பிறகுதான் டயல் ஓட ஓட அம்பும் நகர்ந்தது. அம்பு நகர்வதற்கு யாராவது கைதட்டியிருக்கிறீர்களா? நான் தட்டினேன்.

இன்னொரு ஏமாற்றம். கடிகாரம் பக்கத்தில் இரண்டு குட்டித் திரைகள் மின்ன ஆரம்பித்ததும் மவுஸைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் 1,15,200 பி.பி.எஸ்., அதாவது நொடிக்கு அத்தனை பிட், என்கிறது. 56 கே, அதாவது 56,000 பிட் மோடம் இரண்டு மடங்கு ஓடுகிறது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெருமை அடித்தேன். ஆனால் அந்த வேகத்தில் 1 எம்.பி. கோப்பு ஒரு நிமிடம் சொச்சத்தில் இறங்க வேண்டும், எனக்கோ மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. கணக்குப் போட்டுப் பார்த்த அன்றுதான் புரிந்தது, அது கணினிக்கும் மோடத்துக்கும் நடுவில் உள்ள வேகம், போன் ஒயரில் ஓடுவது அல்ல. மோடத்தின் எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ் பெட்டியில் டபிள்யூ2 என்ற மோடம் கட்டளையை எழுதியதும் உண்மையான எண் காட்டியது: 44,000. பெருமை அடித்தவர்களிடம் போய்த் திருத்தவில்லை.

* * *

உங்களுக்கு மவுஸ் என்றால் எங்களுக்கு அக்கா. பக்கத்து அறையில் இன்னொரு போன், அதே லைன். நான் 90 சதவீதம் இறக்கி வைத்திருப்பேன், அவர் ரிசீவரை எடுத்து "யாரது இப்படிக் கத்துறது?" என்று கேட்பார், அவ்வளவுதான், லைன் போச்சு. அப்புறம் அவரிடம் கெஞ்சி நேரம் ஒதுக்கிக்கொண்டேன். ஆனாலும் துண்டித்தது. அந்த முறை காரணம் கால் வெயிட்டிங், இன்னொரு அழைப்பு வந்தால் காதில் கேட்கும் அந்தச் சின்ன "டிக்" மோடத்தைக் குழப்பிவிடுகிறது. அதை அணைக்கும் குறியீட்டை எண்ணுக்கு முன்னால் போட்டு, நடுவில் ஒரு கமா வைக்க வேண்டும். கமா என்றால் மோடம் இரண்டு நொடி காத்திருக்கும். குறியீடு எல்லா எக்ஸ்சேஞ்சுக்கும் ஒன்று இல்லை, கேட்டுத்தான் வாங்கினேன்.

முதல் நாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மணி நேரம் பிழை 680, டயல் டோன் இல்லை. சுவரில் இருந்து வரும் ஒயரை 'லைன்' துளையில் செருகாமல் 'போன்' துளையில் செருகியிருந்தேன்.

* * *

என்னுடையது சின்னது. வேகமாக்குகிறேன் என்று நெட்வொர்க் பட்டியலில் தெரியாத பெயரையெல்லாம் நீக்கினேன், அதில் இணையத்துக்கே அவசியமான நெறிமுறை டி.சி.பி./ஐ.பி.யும் போய்விட்டது. பிழை 720. நீக்கியிருக்க வேண்டியவை மற்ற இரண்டு நெறிமுறைகள், நெட்பியூயியும் ஐ.பி.எக்ஸும். அவற்றோடு 'லாக் ஆன் டு நெட்வொர்க்' டிக்கையும் எடுத்த பிறகு, கடவுச்சொல் சரிபார்க்கும் இடத்தில் தினமும் தொங்கிக்கொண்டிருந்த காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது.

* * *

நான் இதைப் போன மாதம் செய்தேன், சிரிக்காதீர்கள். வீட்டில் இப்போது போன் லைனே இல்லை. பழைய லேப்டாப்பின் மோடத்தையும் லினக்ஸ் கணினியில் மாட்டிய ஒரு வெளி மோடத்தையும் ஒரே போன் ஒயரால் நேராக இணைத்தேன். நடுவில் எக்ஸ்சேஞ்ச் இல்லாததால் டயல் டோன் வராது, லேப்டாப் "நோ டயல்டோன்" என்று கையை விரித்துவிடும். மோடத்துக்கு ஏ.டி.எக்ஸ்3 என்று கட்டளை கொடுத்தால் டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும். அந்தப் பக்கம் மணி அடிக்க யாரும் இல்லை, அதனால் அங்கே ஏ.டி.ஏ. என்று கையால் தட்டி எடுக்க வைக்க வேண்டும். சில மோடம் ஒயரில் மின்சாரம் இல்லாமல் பேசாது, 9 வோல்ட் பேட்டரி வைப்பார்கள். என்னுடைய இரண்டும் வீம்பு பண்ணாமல் பேசின. அந்தக் கீச்சும் இரைச்சலும் வந்து, பிறகு திடீரென்று ஓய்ந்ததே, எத்தனை வருடம் கழித்து! 33,600-ல் நின்றது. இரண்டு முனையும் அனலாக் என்பதால் அதற்கு மேல் போகாது, 56 கே வர வேண்டுமானால் எதிர்முனை டிஜிட்டலாக எக்ஸ்சேஞ்சோடு இணைந்திருக்க வேண்டும்.

லினக்ஸில் டயல்-அப் இணைப்பைக் கவனிக்கும் பி.பி.பி.டி. என்ற நிரலை ஓடவிட்டதும் இணையம் வந்துவிட்டது, ஆனால் தளம் எதுவும் திறக்கவில்லை. லேப்டாப்பில் இருக்கும் பிரவுசருக்கு இன்றைய மறையாக்கம் தெரியாது. கடைசியில் லினக்ஸ் கணினியிலேயே நானே ஒரு பக்கம் எழுதி வைத்து, அதை டயல்-அப்பில் திறந்து பார்த்தேன். படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வந்தது.

* * *

மேலே எழுதியவர் அந்தக் கீச்சொலியைப் பதிவு செய்து போடுவீர்களா? நான் ராத்திரியில் வீட்டில் யாரும் எழுந்துவிடக் கூடாது என்று முதல் வாரமே எம்0 போட்டு ஸ்பீக்கரை அணைத்துவிட்டேன். என் மோடத்தின் குரலை நான் கேட்டதே ஏழெட்டு முறைதான்.